காணாமற்போனவர்களின் பேராசிரியர்

“சம்பந்தி, கார்டு அடிக்கிறவன் கேட்டுக்கிட்டே இருக்கான். பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி என்னா போடுறது? திருவா, காலஞ்சென்றவா?”

ஆக்லாந்தின் தெற்கே தகனினியில் இருந்து என் மகளின் வருங்கால மாமியார் தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது நான் பக்குரங்கா பிளாசா என்ற கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மலேசியாக்காரி, நல்ல மனுசி, மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்று பேசத் தெரியாதவர். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. கலியாண அட்டையில் தகப்பன் உயிரோடு இருந்தால் ஒரு மாதிரிப் போடுவார்கள், இல்லாவிட்டால் இன்னொரு மாதிரி. மூன்றாவது மாதிரி ஒன்றை எங்கள் ஆட்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. “யோசிச்சுச் சொல்லுறன்” என்று போனை வைத்தேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்று யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. காருக்குள் போய் இருந்து அழுதேன்.

என் கணவரை நான் கடைசியாகப் பார்த்தது போரின் கடைசி நாட்களில், கடலோரத்தில், இராணுவம் நிறுத்திய ஒரு வரிசையில். பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு பக்கம் விட்டார்கள். ஆண்களை விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் மகளை என் கையில் தந்துவிட்டு ஏறினார். அதற்குப் பிறகு அவர் எந்தச் சிறையிலும் இல்லை, எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. மகளுக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதுகூட ஆகவில்லை. சில வருடங்கள் கழித்து உறவினர் ஒருவரின் தயவில் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்தோம். இன்றுவரை நான் பொட்டு வைக்கிறேன். சிலர் என் நெற்றியைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். சிலர் கலியாண வீடுகளில் ஆரத்தி எடுக்க என்னைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். கேட்டால் மறதி என்றுதான் சொல்வார்கள்.

அன்று நான் பிளாசாப் பக்கம் வந்தது ஒரு போலந்துக் கிழவரின் வீட்டுக்குப் போவதற்காக. அவருடைய கதையைச் சொல்லாமல் என் கதையைச் சொல்ல முடியாது.

ஊரில் நான் நிலப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசிடம் தட்டச்சு வேலை பார்த்தவள். காணி உறுதிகளை அடித்து அடித்துச் சட்ட ஆங்கிலம் விரலுக்குப் பழகியிருந்தது. இங்கே மனுகாவில் ஒரு கணக்கு அலுவலகத்தில் பாதி நாள் வேலை. கலியாணப் பேச்சு எழுவதற்கு ஒரு வருடம் முன்பு, நூலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒரு துண்டைப் பார்த்தேன். சட்டப் புத்தகம் ஒன்றைத் தட்டச்சு செய்வதற்குப் பொறுமையுள்ள ஒருவர் தேவை என்று எழுதியிருந்தது. பொறுமை என்னிடம் இல்லை. தட்டச்சு இருந்தது, போனேன்.

கதவைத் திறந்தவர் தொண்ணூறை நெருங்கிய மனிதர். வீட்டுக்குள்ளேயே கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் கை கூப்புவதா கை குலுக்குவதா என்று தடுமாறிக்கொண்டிருக்க, அவர் என் கையைப் பிடித்துக் குனிந்து புறங்கையில் முத்தமிட்டார். அடுப்பில் பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டேன். அது அவர்கள் ஊரில் பெண்களுக்குக் காட்டும் மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது. அவர் என்னைக் கடைசிவரை பெயர் சொல்லி அழைக்கவில்லை. ‘பானி’ என்பார்; அவர்கள் மொழியில் அம்மணி என்பது போல. நான் அவரைப் புரொபசர் என்றேன். உண்மையில் அந்தப் பட்டம் அவருக்கு எந்த நாட்டிலும் கிடைத்ததில்லை. ஒருமுறை என்னைத் திருத்திப் பார்த்தார், நான் கேட்கிற மாதிரித் தெரியவில்லை, விட்டுவிட்டார்.

மனைவி இறந்துபோயிருந்தார், பிள்ளைகள் இல்லை. அவருடைய பார்வையின் நடுப்பகுதி மட்டும் அழிந்திருந்தது. என் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் பக்கத்துச் சுவரைப் பார்ப்பார். அதனால்தான் தட்டச்சுக்கு ஆள் தேடியிருக்கிறார். இளமையில் தன் மொழியில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல யாராவது அடிக்க வேண்டும்.

“எதைப் பற்றிய புத்தகம்?” என்று முதல் நாள் கேட்டேன். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“காணாமற்போனவர்களைப் பற்றியது. ஒருவரைக் காணவில்லை என்றால் சட்டம் அவரை எப்போது, யார் கேட்டு, இறந்தவராக்குகிறது என்பது பற்றி.”

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். வேறு தலைப்பே கிடைக்கவில்லையா இந்த மனுசனுக்கு என்று ஆத்திரம் வந்தது. ஆனால் இருந்தேன். என் விஷயத்தை அவரிடம் சொல்லவுமில்லை. உலகத்தில் எங்களுக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று அதுவரை ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்க வேண்டும்.

அவர் உட்கார்ந்து சொல்லமாட்டார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி, கதிரை முதுகுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தபடி நடந்துகொண்டே சொல்வார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் வாயால் வரும். இடையிடையே நின்று தன் கதைக்குப் போய்விடுவார். அப்படித் துண்டு துண்டாகத்தான் அவருடைய வாழ்க்கை எனக்குக் கிடைத்தது.

அவர் பிறந்தபோது அவருடைய ஊர் போலந்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எல்லையைத் தூக்கி மேற்கே வைத்துவிட்டார்கள், ஊர் இன்னொரு நாட்டுக்குப் போய்விட்டது. அவரையும் தாயையும் ரயிலில் ஏற்றி மேற்கே ஒரு நகரத்தில் இறக்கினார்கள். யாரோ விட்டுவிட்டு ஓடிய வீட்டில், யாரோ விட்டுவிட்டு ஓடிய கோப்பைகளில் தேநீர் குடித்து வளர்ந்தாராம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த தகப்பனை அதற்கு முன்பே சிப்பாய்கள் வீட்டுக்கு வந்து கூட்டிப்போய்விட்டார்கள். தகப்பனைப் பற்றி அந்த ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள்வார்.

சட்டம் படித்து முடித்ததும் பல்கலைக்கழகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. நீதிமன்றத்தில் போயிருந்து வழக்குகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். நல்ல வழக்குகளை எல்லாம் மூத்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இவருக்குக் கிடைத்தவை யாருக்கும் வேண்டாத மனுக்கள். என் கணவரைக் காணவில்லை, என் தம்பியைக் காணவில்லை, இறந்தவராக அறிவித்துத் தாருங்கள் என்று வருகிறவை. எதிர்த்தரப்பு இல்லாத வழக்குகள். எதிர்த்தரப்பு என்று யாராவது இருந்தால் அது காணாமற்போனவர்தான். அவருக்கும் அழைப்பு விடுக்க வேண்டும் என்பது சட்டம். எனவே பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள்: இன்ன பெயருடைய, இன்ன தொழில் செய்த, கடைசியாகக் காணப்பட்டபோது சாம்பல் நிறக் கோட்டு அணிந்திருந்த இவர் குறித்த காலத்துக்குள் முன்னிலையாக வேண்டும், தவறினால் இறந்தவராக அறிவிக்கப்படுவார்.

“பாருங்கள் பானி, உயிரோடு இருக்க வேண்டுமானால் ஒரு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மனுக்களில் ஒரு விஷயம் அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஆள் எப்படிக் காணாமற்போனார் என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே வசனம்தான் இருந்தது: போர்ச் சூழலில், அறியப்படாத முறையில். அறியப்படாமல் என்ன, தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஆனால் கூட்டிப்போனவர்களின் கூட்டாளிகள்தான் அப்போது ஆட்சியில் இருந்தார்கள். இவர் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரை இறந்தவராக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டென்றால், அவரை யார் கூட்டிப்போனது என்று கேட்கும் கடமையும் அதற்கு உண்டு. அவ்வளவுதான் எழுதினார். கட்டுரை வெளிவந்த பிறகு அவருக்குப் பாடம் நடத்த வகுப்பு இல்லாமல் போனது. நூலகத்தில் அட்டைகளை அடுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அட்டை அடுக்கியபடியே நூலை முடித்திருக்கிறார். ஒரு வெளிநாட்டுக் கூட்டத்துக்கு எப்படியோ அனுமதி கிடைத்தபோது, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை.

ஆக்லாந்தில் மனைவியின் உறவினர் ஒருவர் இருந்தார், அந்த உறவைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார்கள். இங்கே சட்டமே வேறு மரபு, இவருடைய பட்டம் செல்லாது. ஒரு காகிதத் தொழிற்சாலையில் பெட்டி மடித்தார். பிறகு பல்கலைக்கழகத்தில் பழைய ரோமானியச் சட்டம் சொல்லிக்கொடுக்க ஒரு மூலை கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அந்த மூலையை விட்டு அவரை யாரும் முன்னுக்கு எடுக்கவில்லை. காணாமற்போனவர்களைப் பற்றி இந்த நாட்டில் கேட்க ஆளில்லை. “இங்கே காணாமற்போனால் கடலில் தேடுவார்கள், மலையில் தேடுவார்கள்” என்றார். “தேடக்கூடாது என்று யாரும் உத்தரவு போடுவதில்லை. நல்ல நாடு. என் துறைக்குத்தான் வேலை இல்லை.”

ஒரு நாள் ஓர் உதாரண வழக்கை அடித்துக்கொண்டிருந்தேன். நொத்தாரிசு அலுவலகத்துப் பழக்கத்தில், பெயருக்குப் பின்னால் ‘இறந்தவர்’ என்பதற்கான சட்டச் சொல் தானாக விழுந்துவிட்டது. அவரால் திரையைப் பார்க்க முடியாதே, அதனால் பத்தி முடிந்ததும் வாசித்துக் காட்ட வேண்டும். அந்தச் சொல்லில் அவர் நடை நின்றது.

“இன்னும் இல்லை, பானி. தீர்ப்பு வரவில்லை. தீர்ப்பு வரும்வரை அவர் இல்லாதவரல்ல, சமூகமளிக்காதவர். அதை மாற்றுங்கள்.”

மாற்றினேன். இத்தனை வருடங்களில் என் சொந்தக்காரர்கள், கோயிலடி ஆட்கள், படித்தவர்கள், இயக்கத்தைத் தெரிந்தவர்கள் என்று எத்தனை பேர் என் கணவரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஒருவர் ஐயோ பாவம் என்பார், இன்னொருவர் எங்கோ முகாமில் இருப்பார் என்று குருட்டு நம்பிக்கை தருவார். அவரைப் பற்றிச் சரியாகப் பேசத் தெரிந்த ஒரே ஆள், அவர் என்று ஒருவர் இருந்ததே தெரியாத இந்த வெள்ளைக்காரக் கிழவர்தான்.

மனைவிகளைப் பற்றிய அத்தியாயம் வந்தபோது என்னால் மறைக்க முடியவில்லை. காணாமற்போனவரின் மனைவி மறுமணம் செய்யலாமா, செய்த பின் அவர் திரும்பி வந்தால் எந்தக் கலியாணம் செல்லும் என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். என் விரல்கள் நின்றுவிட்டன. விசைகளின் சத்தம் இல்லாததைக் கேட்டு அவரும் நின்றார். சொன்னேன். வரிசை, பஸ், எல்லாம் சொன்னேன். அவர் தடவித் தடவிக் குசினிக்குப் போய், எலுமிச்சைத் துண்டு போட்ட தேநீரைக் கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து வைத்தார். பாதி சிந்தியிருந்தது.

“கடைசியாகக் காணப்பட்டபோது என்ன உடுத்தியிருந்தார்?” என்று கேட்டார்.

அவருடைய வழக்குகள் எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும். நீலக் கட்டம் போட்ட சாரம், வெள்ளைச் சேட்டு, சேட்டுத் தோளில் மகள் அழுது ஈரமான இடம் என்றேன். அவர் சுவரைப் பார்த்தபடி, அதாவது என்னைப் பார்த்தபடி, தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அதனால்தான் கலியாண அட்டை விஷயத்தையும் அவரிடம்தான் கொண்டுபோனேன். தரிப்பிடத்தில் அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போய், மடிக்கணினியைத் திறக்காமலே கேட்டேன். “உங்கள் வேலையே இதுதானே புரொபசர். என்ன போடுவது, சொல்லுங்கள்.”

“பல நாடுகளின் சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்ல முடியும். நீங்கள் கேட்பது அதுவல்ல” என்றார். பிறகு வழக்கத்துக்கு மாறாகக் கதிரையில் உட்கார்ந்தார். “என் தகப்பனுக்காக மனுப் போட்டது நான்தான்.”

சட்டம் படித்துக்கொண்டிருந்த வயதாம். தாய் இளமையாக இருந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த நல்ல மனிதர் ஒருவர் தாயை மணக்கக் காத்திருந்தார். தாய் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தாயை விடுவிக்கிறேன் என்று நினைத்து இவர் நீதிமன்றத்துக்குப் போனார். போரில் காணாமற்போனவர்களின் இறந்த நாள் தெரியாவிட்டால், எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் ஒரு நாளைக் குறித்து வைத்திருந்தது. தீர்ப்பு சுலபமாகக் கிடைத்தது. பெருமையோடு கொண்டுவந்து தாய்க்கு வாசித்துக் காட்டினார்.

“இந்தத் தேதியில் என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை அம்மா, அது சட்டம் போட்ட தேதி என்றேன். ‘அன்றைக்கு நான் சந்தைக்குப் போய் பீட்ரூட் வாங்கினேன். கொஞ்சம் அழுகல், கடைக்காரியோடு சண்டை போட்டேன். சண்டை போட்டபோது அவர் உயிரோடு இருந்தார்’ என்றார். அவ்வளவுதான். என்னோடு கோபிக்கவில்லை. அந்த மனிதரையும் மணக்கவில்லை. என் தாய் இறந்தபோது நான் இந்த நாட்டில் இருந்தேன், போக முடியவில்லை. கல்லறைக் கல்லின் படத்தை அனுப்பினார்கள். எங்கள் ஊரில் கணவன் மனைவி இருவர் பெயரையும் ஒரே கல்லில் முன்கூட்டியே வெட்டிவைப்பதுண்டு. தாயின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பனின் பெயர், பிறந்த ஆண்டு, ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு கல் வெறுமையாக இருந்தது. அப்படித்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.”

அவருடைய புத்தகம் முழுவதும் ஏன் அந்தப் பொதுத் தேதியோடு மல்லுக்கட்டுகிறது என்று அப்போதுதான் விளங்கியது. தேதியை நிரூபியுங்கள், முடியாவிட்டால் வெறுமையாக விடுங்கள் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் வாதாடியிருக்கிறார்.

“அப்படியென்றால் நானும் வெறுமையாக விடலாம்” என்றேன். எனக்கு வேண்டிய தீர்ப்புக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவர் கையை உயர்த்தினார். “பொறுங்கள். மனைவி கேட்கும்வரை மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதினேன். என் தாய்க்காக எழுதினேன். ஆனால் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள், பானி. அதைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதுதான் கடைசி அத்தியாயம். அடுத்த கிழமை தொடங்குவோம்.”

அடுத்த கிழமை தொடங்கினோம். முதல் வசனம் மட்டும் வந்தது: மனுதாரர் பிள்ளையாக இருக்கும்போது, அவர் தன் பெற்றோரில் ஒருவருக்காக மற்றவருக்கு எதிராக நிற்கிறார். முற்றுப்புள்ளி என்றார். களைப்பாக இருக்கிறது, மீதியை நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றார். அந்த வாரமே மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் போய்ப் பார்த்தபோது என் முகத்தைக் காண்பதற்காகத் தலையைத் திருப்ப முயன்றார், முடியவில்லை. நானே கட்டிலின் மறுபக்கம் போய் நின்றேன். என்னவோ சொன்னார், அவருடைய மொழியில். எனக்கு விளங்கவில்லை. அதுதான் கடைசி.

மரணச் சடங்குக்கு அவர்களுடைய கோயிலில் சில வயதானவர்களும், ஒரு காலத்தில் அவரிடம் படித்த இரண்டொருவரும் வந்தார்கள். ஒருவர் எழுந்து, இவர் அமைதியான மனிதர், ரோமானியச் சட்டம் நன்றாகத் தெரிந்தவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. அவர் தெரிந்து வைத்திருந்தது அதுவா? ஆனால் நான் யார் அங்கே, தட்டச்சுக்காரி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, தகப்பன் செத்த வீட்டில் அழுவதுபோல அழுதேன். மகள் பயந்துபோனாள். “அம்மா, வட் ஹாப்பன்ட்?” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேயே வளர்ந்தவள், என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். தமிழ் விளங்கும், பேசினால் கல்லில் தடக்குப்பட்டதுபோல இருக்கும். தகப்பனைப் பற்றி அவள் என்னிடம் கேட்பதேயில்லை. நினைவில்லாததால் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா மறுபடியும் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டார். நான் பதில் போடவில்லை. வெறுமையாக விடுவோம் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, அதைச் சொல்லவும் வாய் வராமல் இருந்தேன். ஏனென்றால் வெறுமையாக விட்டால் அட்டையைப் பார்க்கிறவர்கள் தகப்பன் எங்கே, மேடையில் காணவில்லையே என்று மகளைத்தான் கேட்பார்கள்.

இதற்கிடையில் கலியாணக் கிரியைகளைப் பேசுவதற்குக் குருக்களிடம் போக வேண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகு நானும் மகளும் போனோம். குருக்களும் யாழ்ப்பாணத்துப் பக்கம்தான். மண்டபத்து ஓரத்தில் பாயில் இருந்து, பொருட்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“கலியாணத்துக்கு முதல் பிதிரரை நினைச்சு ஒரு கிரியை இருக்கு, அம்மா. அதில காலமானவையின்ர பேருகள் சொல்லவேணும். பிள்ளையின்ர தகப்பன்?” என்றார். என் பொட்டைப் பார்த்தார். “இருக்கிறாரோ?”

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பேருக்கு நான் பதில் கொடுத்திருக்கிறேன். சிலருக்குச் சூடாக, சிலருக்குக் குத்தலாக, சிலருக்கு முகத்தில் அடித்தாற்போல. வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

“என்ர அப்பா செத்திட்டார், ஐயா.”

தமிழில் சொன்னாள். காலமானார், இறந்துவிட்டார், மோசம் போனார் என்றெல்லாம் மரியாதையாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது. அவளிடம் இருந்தது அந்த ஒரு மொட்டைச் சொல்தான். குருக்கள் கண்ணை மூடித் திறந்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. முதுகை நிமிர்த்தி, கைகளை மடியில் வைத்து, விசாரணைக்கு வந்தவள்போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்ப எண்டு…” குருக்கள் மெதுவாகக் கேட்டார். “திதி தெரியுமோ?”

“எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது” என்றாள்.

“பறவாயில்லை. திதி தெரியாதவைக்கு ஆடி அமாவாசையில செய்யலாம். இஞ்ச கன பேர் அண்டைக்குத்தான் செய்யினம்.”

எல்லோருக்கும் பொதுவாக ஒரு நாள். எனக்குச் சுரீரென்று ஏறியது. “அண்டைக்கு அவர் சாகேல்லை, ஐயா!” என்றேன். மண்டபத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

குருக்கள் கோபிக்கவில்லை. “தெரியும் அம்மா” என்றார். “அண்டைக்கு ஒருத்தரும் சாகேல்லை. செய்யிறதுக்கு எங்களுக்கு ஒரு நாள் வேணும், அதுக்காகத்தான்.”

அவர் பெயர்களைக் கேட்டார். என் மாமனாரின் பெயரை, அவருடைய தகப்பனின் பெயரைச் சொன்னேன். கணவரின் பெயரை மகள் சொன்னாள்.

காரில் ஏறியதும் அவள் இயந்திரத்தை முடுக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். “ஸொறி அம்மா” என்றாள். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எவ்வளவு காலமாக அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

பள்ளிக்கூடக் காலத்தில் இருந்து என்றாள். அதற்குப் பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நான் இடையில் புகாமல் கேட்டேன். சின்ன வகுப்புகளில் ஒவ்வொரு செப்டெம்பரும் தகப்பனார் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்யச் சொல்வார்களாம். இவளும் வண்ணம் தீட்டி, மினுக்குத் தூள் எல்லாம் ஒட்டிச் செய்வாளாம். வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான் அழுவேன் என்று தெரிந்து, பஸ் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வருவாளாம். முதல் அட்டைகளில் சீக்கிரம் வாருங்கள் என்று எழுதினாளாம். பிறகு ஒரு வருடம் எதுவும் எழுதாமல் படம் மட்டும் கீறினாளாம்.

“அப்பா செத்திட்டார் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?” என்றேன். குத்துவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“எனக்குத் தெரியாது அம்மா.” அதைத் தமிழில் சொன்னாள். “நான் களைச்சுப் போனன்.”

நான் காத்திருந்தேன் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். ஒரு சின்னப் பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். கியர்க் கம்பி இருவருக்கும் நடுவில் குத்தியது. அவள் குழந்தையாக இருந்தபோது அழுததுபோல, சத்தம் போட்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் கேட்டு எத்தனையோ காலம்.

அவள் அழுது ஓய்ந்த பிறகு சம்பந்தியம்மாவின் குறுஞ்செய்தியைத் திறந்து காட்டினேன். பதிலை நீயே எழுது என்றேன். அவளுக்குத் தமிழில் தட்டத் தெரியாது. எனக்குத்தான் தெரியும். போனை என் கையில் திருப்பித் தந்தாள். ஊரில் எத்தனையோ பேருக்கு, எத்தனையோ பெயர்களுக்குப் பின்னால், ஒரு நொடியும் யோசிக்காமல் ஆங்கிலத்தில் அடித்த சொல். தமிழில் ‘காலஞ்சென்ற’ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். அதற்குப் பக்கத்தில் அவருடைய பெயரை அடித்தேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க வாசியுங்கோ அம்மா” என்றாள்.

வாசித்தேன். பிறகு அனுப்பினேன்.